செருப்பு வாங்கக் கொண்டுபோன கால்கள்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் ஆலங்குளத்துக்கு பஸ் ஏறி கீழத்தெருவுக்கு வந்து வாசலுக்கு வாசல் கிடக்கிற செருப்புகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. செண்பகவடிவு மலேசியாவுக்குப் போயிருந்த நாலு நாளும் அந்தத் தெருவே அவளோடு மலேசியாவில் நடந்தது, நடந்து நடந்து கால் வீங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

வடிவு பீடி சுற்றுகிறவள். பம்பாயில் இட்லிக் கடையில் வேலை பார்க்கிற அவள் புருசன் மாடக்கண்ணு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருவான், மூன்று நாள் இருப்பான், கறி தின்பான், போய்விடுவான். அவன் விட்டுவிட்டுப் போகிறது அவன் அக்கா ஆவுடையம்மாளை. ஒன்பது வருசத்துக்கு முன்னால் தண்ணிக்குடத்தோடு வழுக்கி விழுந்ததில் ஆவுடையம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே செத்துப்போனது, அடித்தால் தெரியாது, சுட்டால் தெரியாது, எறும்பு கடித்து ரத்தம் வந்தால்கூட வடிவுதான் பார்த்துச் சொல்லவேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் ஆள் முழுசாக இருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி வடிவைவிட வேகமாகப் பீடி சுற்றுவாள், வடிவைவிட சத்தமாகப் பேசுவாள், "ஏட்டி வடிவு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள். தூக்கி உட்கார வைக்க ஒரு ஏட்டி, குளிப்பாட்ட ஒரு ஏட்டி, மலத்தட்டு எடுக்க ஒரு ஏட்டி. ஒன்பது வருசத்துக்கு எத்தனை ஏட்டி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கையில் தீபாவளிக்கு எடுத்த ரெண்டு நைட்டிக்கும் ஒரு பாவாடைக்கும் ஜவுளிக்கடையில் கொடுத்த கூப்பனில் குலுக்கல் விழுந்து வடிவுக்கு நாலு நாள் மலேசியா டூர் கிடைத்தது. கடைக்காரர்கள் மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். வடிவுக்கு அங்கே ரெட்டைக் கோபுரமும் வேண்டாம், கடலும் வேண்டாம், கூப்பிட ஆளில்லாத ஒரு இடம் போதும் என்றிருந்தது. எதிர்வீட்டுச் சுடலி, "நாலு நாளு நான் பாத்துக்கிடுதேன் மதினியை, நீ போய்ட்டு வா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே வடிவுக்கு அழுகை வந்தது.

ஆனால் வெளிநாட்டுக்கு ஒருத்தி போகிறாள் என்றால் தெரு சும்மா விடுமா? கொழும்புச் செருப்பு, சிங்கப்பூர்ச் செருப்பு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த தெரு அது. வெளிநாட்டுச் செருப்பு வருசக்கணக்கில் உழைக்கும், வார் அறாது, பித்தவெடிப்பு வராது என்று யாரோ எப்போதோ சொன்னதை அத்தனை பேரும் வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். பழைய காலண்டர்த் தாளிலும் நோட்டுத் தாளிலும் ரெண்டு காலையும் வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பெயர் எழுதி, கூடவே இருநூறு ரூபாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீ மாஸ்டர் கொடுத்தார், சத்துணவு டீச்சர் கொடுத்தாள், ஆணிக்கால் வேலாயுதம் அண்ணாச்சி ஆணி இருக்கிற இடத்தில் ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தார். முப்பத்தியொரு ஜோடி சேர்ந்தது.

கடைசியில் ஆவுடையம்மாள், "ஏட்டி, எங் காலையும் வரைஞ்சு எடுத்துக்க" என்றாள்.

சுடலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடக்காத காலுக்குச் செருப்பா? ஆவுடையம்மாள் யாரையும் பார்க்காமல் தலையணைக்கு அடியிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டினாள், பீடி சுற்றிச் சேர்த்த காசு. "எனக்கு நல்லதா இருக்கணும்." வேறு தாள் இல்லாததால் வடிவு அவளுடைய பழைய ஸ்கேன் கவரைப் பிரித்துப்போட்டு, அந்தக் காலைத் தூக்கி வைத்து வரைந்தாள். நடக்காமல் நடக்காமல் பாதம் பிள்ளைக் கால்போலச் சின்னதாகி இருந்தது. 'இங்கேயும் உங்க காலத்தான் தூக்கணும், அங்கேயும் உங்க காலத்தான் தூக்கணுமா' என்று வடிவு மனசுக்குள் கருவினாள்.

தப்பு நடந்தது அதற்கப்புறம்தான். பெட்டி எடை கூடிவிடக்கூடாது என்று டூர்க்காரர்கள் சொல்லியிருந்ததால், காகிதம் காகிதமாக இத்தனையை எதற்குச் சுமக்க என்று வடிவு இலை வெட்டுகிற கத்தரியை எடுத்து ஒவ்வொரு காலையும் கோட்டோடு கோடாக வெட்டியெடுத்துவிட்டாள். இருபது வருசம் பீடி இலை வெட்டிய கை அது, ஒரு மயிரிழை கூட விலகாது. வெட்டாத கால் காகிதத்தோடு கிடக்கும், வெட்டியெடுத்த கால் எங்கே கிடக்கும்? மற்ற தெருவில் யாராவது இப்படிச் செய்வார்களா, பீடித்தெருக்காரிக்குத்தான் வரும் இந்த வேலை.

கோலாலம்பூரில் இறங்கி பெட்டி வந்ததும் ஜிப்பைத் திறந்துகொண்டு கால்கள் ஒவ்வொரு ஜோடியாக வெளியே வந்தன. சோம்பல் முறித்தன. பளபளவென்றிருந்த தரையில் ரெண்டடி வைத்துப் பார்த்துவிட்டு, வடிவின் சேலை ஓரமாக வந்து ஒதுங்கி நின்றன. டூர் கைடு கிருபாகரன் இந்த வேலையில் பதினாலு வருசம் பழம் தின்று கொட்டை போட்டவன், அவன் எண்ணிப் பார்த்தான். "தலை பதினெட்டு. காலு எக்ஸ்ட்ரா முப்பத்தியொண்ணு ஜோடி. யக்கா, சீட்டு தலைக்கு மட்டும்தான், காலெல்லாம் சீட்டுக்கு அடியில இருந்துக்கிடணும்" என்றான், அவ்வளவுதான் அவன் சொன்னது. ஹோட்டலில் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். நகரும் படிக்கட்டைப் பார்த்துக் கால்கள் மிரண்டபோது ஒரு போலீஸ்காரர் பக்கத்துப் படிக்கட்டைக் கை காட்டினார். ரோட்டில் போகிறவர்கள் மிதித்துவிடாமல் தாண்டிப் போனார்கள். ஆவுடையம்மாளின் ஜோடி மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை, அடியில் துணிக்குள் முகம் தெரியாத விருந்தாளிபோல் ஒடுங்கிக் கிடந்தது.

வடிவு காசு மாற்றினாள். ரப்பர் பேண்டு போட்ட நோட்டெல்லாம் ஒரே ஜன்னலுக்குள் போய் அந்த ஊர் நோட்டாகத் திரும்பி வந்தது, அந்த ஊர்த் தமிழர்கள் அதை வெள்ளி என்றார்கள். ஒரு வெள்ளி நீலம், அஞ்சு பச்சை, பத்து சிவப்பு. எந்தக் கடையில் என்ன சொன்னாலும் இருபதால் பெருக்கினாள், பெருக்கின கையோடு நெஞ்சில் கை வைத்தாள். ஒரு தண்ணி பாட்டில் நாற்பது ரூபாயா, ஒரு டீ அறுபது ரூபாயா, இந்தக் காசுக்கு ஊரில் முந்நூறு பீடிக்குமேல் சுற்றவேண்டுமே என்று பெருக்கிப் பெருக்கியே அவளுக்குத் தலைவலி வந்தது. ஆவுடையம்மாளின் ஐம்பது வெள்ளியை மட்டும் ஒரே நோட்டாக வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஆளுக்குப் பத்து வெள்ளி கையில், செருப்போ பதினைந்து வெள்ளி. பேரம் பேசத்தான் வேண்டும், பேரத்தில் வடிவு சளைத்தவளும் இல்லை. ஆனால் பேரத்துக்கு முதல் பாடமே பிடித்ததைப் பிடித்த மாதிரி காட்டிக்கொள்ளக்கூடாது என்பதுதானே? அவள் இங்கே உதட்டைப் பிதுக்கி, "சவம், வாரைப் பாரு, ஒரு மழைக்குத் தாங்காது" என்று சொல்லிக்கொண்டிருக்க, அங்கே டீ மாஸ்டரின் கால் அந்தச் செருப்பைச் சுற்றிச் சுற்றி வந்து குதிக்கும். கடைக்காரன் குனிந்து பார்ப்பான், சிரிப்பான், "பதினஞ்சுதான் அம்மா, கொறைக்க முடியாது லா" என்று அந்த ஊர்ப் பேச்சு 'லா'வோடு முடிப்பான். "ஒங்க காலுக்கெல்லாம் கொஞ்சமாவது ரோசம் இருக்கா?" என்று வடிவு நடுரோட்டில் நின்று காகிதங்களைத் திட்டினாள். ஆறு கடை ஏறி இறங்கினால் ஒரு ஜோடி படியும். படிந்த செருப்பில் கால் ஏறி நிற்கும், ஒரு பெருமூச்சு விடும், அப்புறம் அது வெறும் காகிதம்தான். ஆசை அடங்கினால் நடை அடங்கிற்று என்பது முதல் நாளே வடிவுக்குப் புரிந்துவிட்டது.

ஊரிலோ இது வேறு மாதிரி இருந்தது. முதல் நாள் சாயங்காலமே தெருவில் அத்தனை பேருக்கும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடக்காமலே நடந்த அலுப்பு. என்னவென்று தெரியாமல் ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மற்றவர்கள் சுடலியின் போனில் வடிவைக் கூப்பிட்டு விசயத்தைத் தெரிந்துகொண்டதும் நிம்மதியாக வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை முக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முருகன் கோயில் குகைக்கு இருநூற்று எழுபத்திரண்டு படியும் கால்கள் ஏறி இறங்கினதில் தெருவில் ஒருத்தரும் பீடித்தட்டை எடுக்கவில்லை. "ஏம்மா வடிவு, அடுத்தால ஏசி கடைக்குள்ள கூட்டிட்டுப் போ, தரை குளுகுளுன்னு இருக்கு" என்று சத்துணவு டீச்சர் போன் போட்டாள். "எனக்குச் செருப்பு கடைசியா வாங்கு தாயி, அவசரமில்லை, இன்னும் ரெண்டு தெரு பாத்துக்கிடுதேன்" என்றார் வேலாயுதம் அண்ணாச்சி. கடன் வாங்கியாவது வெளிநாடு போகமுடியாதவர்கள் கால்வலியை வைத்தே வெளிநாடு பார்த்தார்கள். நடந்தவள் என்னமோ வடிவு ஒருத்திதான். அவள் குதிங்காலில் கொப்புளம் வந்து உடைந்து, உடைந்த இடத்தில் மறுபடி வந்தது.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் முப்பதும் ஒன்றும் முடிந்தது. மூட்டையைக் கட்டிவிட்டு வடிவு பெட்டியைப் பார்த்தாள். ஆவுடையம்மாளின் கால்கள் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. இத்தனை நாள் கூட்டத்தில் வெட்கப்பட்டுக் கிடந்தவை, சுவரைப் பிடித்துப் பிடித்து அறையைச் சுற்றின, விழுந்தன, எழுந்தன, கதவடியில் புகுந்து வராந்தாவுக்குப் போய்விட்டன. வடிவு பின்னாலேயே ஓடினாள். ஹோட்டல் வாசலுக்கு வெளியே மழை பெய்து நனைந்த நடைபாதையில் அந்த ரெண்டு கால்களும் தத்தித் தத்தி, அப்புறம் நடந்து, அப்புறம் ஓடவே ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"ஏட்டி." ஆவுடையம்மாள்தான் கூப்பிட்டாள். "ஏட்டி வடிவு, எனக்குக் குதிங்கால் ஈரமா இருக்குட்டி."

"சுடலி தண்ணியக் கிண்ணியச் சிந்தியிருப்பா மதினி."

"சிந்தலட்டி. சில்லுன்னு இருக்கு. பெருவிரல்ல ஒரு கல்லு குத்துது. வலிக்குட்டி." ஒன்பது வருசத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி ஒரு சத்தம் போட்டாள். "ஆண்டவனே, எப்படி வலிக்கு!"

வடிவு அங்கேயே நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சந்தோசமாக இருந்தது. கூடவே, இதைச் சொல்லத்தான் வேண்டும், திக்கென்றும் இருந்தது. ஏனென்றால் முந்தியில் ஐம்பது வெள்ளி இருந்தது. செருப்பு வாங்கினால் நடை நின்றுவிடும், நடை நின்றால் வலி நின்றுவிடும், வலி நின்றால் மறுபடி அந்தக் கட்டிலும் செத்த காலும்தான். செருப்பு வாங்காவிட்டால் இந்தக் கால்கள் பெட்டிக்குள் வரப்போவதில்லை.

நாலாம் நாள் மற்ற பதினேழு பேரும் ரெட்டைக் கோபுரம் பார்க்கப் போனார்கள். நாலு மணிக்கு ஏர்போர்ட் பஸ். அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில் கிடந்தது. வடிவு அதைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து கால்களின் பின்னால் நடந்தாள். காலை முழுக்க நடந்தாள். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக அந்தக் கால்கள் நுழைந்தன, ஒவ்வொரு கடையிலும் நல்ல செருப்பு இருந்தது, ஒவ்வொரு செருப்பையும் வடிவு நொள்ளை சொன்னாள். இது இறுக்கும், அது வழுக்கும், இது நிறம் சரியில்லை, அது ஆம்பளைச் செருப்பு. விலை குறைக்கப் பேரம் பேசிய வாயால் வாங்காமலிருக்கப் பேசினாள். அவளுக்கு நாக்கு வறண்டது, கொப்புளத்தில் சேலை ஒட்டியது.

ரெண்டு மணிக்கு ஒரு கடையில் தப்ப முடியவில்லை. தனபாக்கியம் என்கிற தமிழச்சி வைத்திருந்த கடை அது. பச்சை வார் போட்ட ஒரு சின்னச் செருப்பு, பஞ்சுபோல அடி, நாற்பத்தெட்டு வெள்ளி. கால்கள் அதன் முன்னால் போய் நின்றுவிட்டன. ஒரு விரல் தூரம்தான். வடிவு குனிந்து ரெண்டு கையாலும் கால்களைப் பிடித்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"மதினி, நாலு மணிக்கு பஸ்சு. செருப்பு முன்னால நீங்க நிக்கிய. என்ன செய்ய?"

"வாங்கிராதட்டி!" ஆவுடையம்மாள் அலறினாள். "கேக்கியா? வாங்கிராத. நீ அங்கனயே இரி, நடந்துக்கிட்டே இரி, இன்னும் ஒரு வாரம், ஒரு மாசம்..."

"நான் இரிக்கவா?" வடிவுக்கு ஒன்பது வருசமும் ஒன்றாக வாயில் வந்தது. கடைக்குள் நின்ற சனம் திரும்பிப் பார்த்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. "உங்களுக்குக் கோட்டி புடிச்சிருக்கா மதினி? ஒம்பது வருசமா உங்களைத் தூக்கிச் சுமந்து என் இடுப்பு போச்சு. நாலு நாளு, நாலே நாளு விட்டிய, அதுலயும் உங்க காலுக்குப் பின்னால நாயா அலையுதேன். எனக்கு வலிக்காதா? என்னைக்காவது எனக்கு வலிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"

போனுக்குப் பக்கத்தில் சுடலி என்னமோ சொல்வதும் ஆவுடையம்மாள் அவளை அதட்டுவதும் கேட்டது. அப்புறம் சின்னக் குரலில், "நீ வந்துருட்டி. வாங்கிட்டே வந்துரு. போதும், ஒரு நாளு வலிச்சுது, போதும்" என்றாள்.

அந்தப் 'போதும்' இருக்கிறதே, அதுதான் வடிவைப் போட்டுத் தாக்கியது. திட்டியிருந்தால் வாங்கியிருப்பாள். அவள் முந்தியை அவிழ்த்து ஐம்பது வெள்ளியை மேசைமேல் வைத்தாள்.

"பச்சைதானே அம்மா? கட்டிடவா?" என்றாள் தனபாக்கியம்.

"கட்டாதீங்க. இந்தக் காலுக்குச் செருப்பு விக்காம இருக்கதுக்குத்தான் காசு."

தனபாக்கியம் மேசையைச் சுற்றி வந்து கால்களைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். "விக்காம இருக்கவா? எவ்ளோ நாளைக்கு?"

"எங்க மதினி ஆயுசுக்கும். நீங்களும் விக்கக்கூடாது, இந்தத் தெருவுல யாரும் விக்கக்கூடாது."

"தெரு பூரா நான் சொல்லணும்னா ஐம்பது பத்தாது லா. எழுபது குடுங்க."

இதுவே நேற்றென்றால் வடிவு முப்பதிலிருந்து ஆரம்பித்திருப்பாள். இன்றைக்கு அவளிடம் பேரம் பேசச் சத்து இல்லை. தனக்கென்று வைத்திருந்த இருபது வெள்ளியையும் எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு நின்றாள். தனபாக்கியம் நோட்டுகளைப் பார்த்தாள். "பேரம் பேசாத ஆளுகிட்ட எப்படி லா காசு வாங்குறது" என்று அலுத்துக்கொண்டு இருபதைத் திருப்பி அவள் கைக்குள் திணித்தாள். ஒரு அட்டையை எடுத்து, இந்தக் கால்களுக்குச் செருப்பு விற்பனை இல்லை என்று மூன்று பாஷையில் எழுதினாள், அளவுக்குக் கால்களை அதன்மேல் நிற்கவைத்துப் பேனாவால் சுற்றிக் கோடும் போட்டாள், வெட்டாமல் அப்படியே கடை வாசலில் மாட்டினாள். பக்கத்துக் கடை சீனக்காரர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார், எதிர்த்த கடைக்காரர் எழுந்து வந்து படித்துவிட்டுத் தலையாட்டினார். கால்கள் பச்சைச் செருப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வெளியே இறங்கி, ரோட்டைக் கடந்து, பழக்கடைப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டன.

மறுநாள் உச்சி வெயிலில் வடிவு கீழத்தெருவில் ஆட்டோவைவிட்டு இறங்கினாள். தெருவே கூடி மூட்டையைப் பிரித்தது. அவரவர் செருப்பை அவரவர் கால் பேரைக் கேட்காமலே கண்டுபிடித்துக்கொண்டது, வேலாயுதம் அண்ணாச்சியின் செருப்பில் ஆணி இருக்கிற இடத்தில் பள்ளம்கூட இருந்தது. இனி ஒரு வருசத்துக்குத் தெருவுக்கு இதுதான் பேச்சு. வடிவு மூட்டையை அவர்களிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆவுடையம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இப்ப அங்கன படி ஏறுதேன்" என்றாள் எடுத்த எடுப்பில், கண் கலங்க. "இரும்புப் படி. சூடு பொசுக்குது." வடிவு சரி என்றாள். அவளைத் தூக்கி நிமிர்த்தினாள், தலையணையைச் சரிசெய்தாள், முதுகைத் துடைத்துவிட்டாள், தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். எல்லாம் பழையபடிதான், அதே இடுப்பு, அதே பாரம். முடித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"காலக் கொண்டா" என்றாள் ஆவுடையம்மாள்.

"யார் கால?"

"ஒங் காலத்தான்."

"வேண்டாம் மதினி, நீங்க மூத்தவங்க, பாவம் வந்துரும்."

"வந்தா எனக்குத்தானட்டி வரும், சும்மா இரி." ஆவுடையம்மாள் குனிந்து, எட்டாத தூரத்துக்கு எட்டி, வடிவின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். உடைந்த கொப்புளத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவினாள். லட்சக்கணக்கில் பீடி சுற்றிய விரல்கள், எங்கே அழுத்தவேண்டும், எங்கே விடவேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "இங்கன வலிக்கா?"

"ஆமா மதினி."

"இங்கன?"

"ரொம்ப வலிக்கு."

வடிவு அழுதாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.